வெட்டியது போக எஞ்சியது

கடைந்து முடித்த எஃகுத் தண்டு ஒன்று மேசைமேல் கிடக்கிறது. யாரும் அதை இழுக்கவில்லை, அமுக்கவில்லை, முறுக்கவில்லை. ஆனாலும் அதன் தோலில், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாத அடுக்குக்குள், உலோகம் சதுர சென்டிமீட்டருக்கு 5 டன் வீதம் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பொறியாளர்கள் இதை 500 மெகாபாஸ்கல் என்று எழுதுவார்கள். வெளியிலிருந்து எந்தச் சுமையும் வராதபோதும் பொருளுக்குள் தங்கிவிட்ட இந்த விசைக்கு எச்சத் தகைவு என்று பெயர். டூல் எப்போதோ விலகிவிட்டது, சூடு ஆறிவிட்டது, சுருள்களையும் அள்ளியாயிற்று. வெட்டின் விளைவு மட்டும் உள்ளே தங்கியிருக்கிறது.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் வேலையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் பிடிபடும். மரச் சக்கரத்தைவிடச் சற்றே சிறிய பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, அது விரிந்திருக்கும்போதே சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கப் பார்க்கும், மரம் விடாது. ஆறிய பிறகு பட்டை இழுபட்ட நிலையிலும் மரம் அமுங்கிய நிலையிலும் நின்றுவிடும். வண்டி ஓடாமல் கொட்டகையில் கிடந்தாலும் அந்த இழுப்பும் அமுக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு அப்படியே இருக்கும். கடைந்த தண்டிலும் இதே கணக்குதான். தோல் இழுபட்டிருந்தால் உள்பகுதி எங்கோ அமுங்கியிருக்கும். வெட்டுமுகம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மொத்த விசை பூச்சியம்.

கூட்டினால் பூச்சியம் என்பதற்காக அதை விட்டுவிட முடியாது. உலோகக் களைப்பால் வரும் விரிசல் பெரும்பாலும் தோலில்தான் பிறக்கிறது. ஓர் உறுப்பு தாங்கும் சுமையில் பாதியையே கொடுத்தாலும், லட்சக்கணக்கான முறை கொடுத்துக்கொண்டே இருந்தால் மேற்பரப்பில் எங்காவது ஒரு மயிரிழை விரிசல் விடும். தோலில் ஏற்கெனவே இழுவிசைத் தகைவு இருந்தால் அது சுமையோடு கூடிக்கொண்டு விரிசலைத் திறக்கும். அமுக்கத் தகைவு இருந்தால் சுமையிலிருந்து கழிந்து விரிசலை மூடிவைக்கும். வால்வு ஸ்பிரிங்குகளையும் பற்சக்கரங்களையும் சிறு எஃகுக் குண்டுகளால் அடித்து வேண்டுமென்றே தோலை அமுக்கத்துக்குக் கொண்டுவருவது இதனால்தான். ஆக, வெட்டி முடித்த பரப்பில் எஞ்சியிருப்பது இழுப்பா அமுக்கமா, எவ்வளவு, எவ்வளவு ஆழம் வரை என்ற கேள்விகளுக்கு உறுப்பின் ஆயுளோடு நேரடித் தொடர்பு உண்டு.

1996 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பென்சகோலா விமான நிலையத்திலிருந்து டெல்டா நிறுவனத்தின் 1288 எண் விமானம் புறப்பட ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தது. இடப்பக்க எஞ்சினின் முன்புறத்தில் விசிறி அலகுகளைத் தாங்கும் டைட்டானியம் மையம் உடைந்து சிதறியது. துண்டுகள் விமானத்தின் உடலைக் கிழித்துப் பயணிகள் பகுதிக்குள் பாய்ந்தன. இருவர் இறந்தனர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 1998-இல் அறிக்கை தந்தது. விரிசல் தொடங்கிய இடம் அந்த மையத்தில் போல்ட் தண்டுகளுக்காகப் போட்டிருந்த துளைகளில் ஒன்றின் உட்சுவர். தொழிற்சாலையில் அந்தத் துளையைப் போட்டபோது ஓரிடத்தில் சூடு கட்டுமீறிப் போய், உலோகத்தின் உள்ளமைப்பே மாறிக் கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள ஓர் அடுக்கு உருவாகியிருந்தது. அந்த மையம் 13,000-க்கும் மேற்பட்ட முறை பறந்து இறங்கிய காலம் முழுவதும் அங்கிருந்து விரிசல் வளர்ந்தது. பராமரிப்புச் சோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய விரிசல்தான்; படவில்லை.

இந்த விரிசலுக்கு முதல் காரணம் கெட்டுப்போன உள்ளமைப்பு. எச்சத் தகைவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே சூட்டாலும் உராய்வாலும், ஒரே கணத்தில் உண்டாகின்றன என்பதால்தான் இந்த நிகழ்ச்சியை இங்கே சொல்கிறேன். வரைபடம் கேட்ட விட்டம் சரியாக இருக்கலாம், மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னலாம். அடியில் இருக்கும் சேதத்தை இரண்டுமே காட்டாது. கடைந்த பரப்புகளுக்குள் தகைவு தங்குகிறது என்று 1951-லேயே ஹென்ரிக்சன் அளந்து எழுதிவிட்டார். பரப்பு எவ்வளவு வழவழப்பு என்பதோடு நிற்காமல் அதற்கடியில் உலோகம் எவ்வளவு நலமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும் என 1964-இல் மைக்கேல் ஃபீல்டும் ஜான் காலெஸும் வற்புறுத்தினார்கள். கேள்வி பழையது. வெட்டுவதற்கு முன்பே பதிலைக் கணக்கிட முடியுமா என்பதுதான் கணினி வந்த பிறகு சேர்ந்த ஆசை.

கணக்கிட வேண்டுமானால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகை நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் கடைவதாக வைத்துக்கொள்வோம். டூல் உரிக்கும் அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. உரியப்போகும் அடுக்கு டூலின் முன்னால் ஒரு மெல்லிய பட்டையில் சறுக்கிச் சிதைந்து சுருளாக மேலேறுகிறது. அந்தப் பட்டையில் உலோகம் உருக்குலையும் விகிதம் வினாடிக்குப் பத்தாயிரம் முதல் பத்து லட்சம் வரை போகும். இப்படிச் சிதைக்கச் செலவாகும் வேலையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாக மாறுகிறது என்று கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லரும் குவின்னியும் 1934-இல் காட்டினார்கள். அந்தச் சூட்டில் பெரும்பகுதியைச் சுருள் தூக்கிக்கொண்டு போய்விடும். மிச்சம் டூலுக்கும் தண்டுக்கும்.

நமக்குச் சுருளைவிடத் தண்டில் தங்கிவிடும் தோல்தான் முக்கியம். தோலுக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டு பார்ப்போம். டூல் நெருங்கும்போது அது அமுக்கப்படுகிறது. எவ்வளவு கூராகத் தீட்டிய டூலுக்கும் முனையில் சிறு வளைவு உண்டு. பத்து இருபது மைக்ரோமீட்டர் ஆரமுள்ள அந்த வளைவு, மேலே போக மறுத்த உலோகத்தைக் கீழே தள்ளித் தேய்த்துக்கொண்டு கடக்கிறது. அழுந்திய அடுக்கு பக்கவாட்டில் நீளப் பார்க்கிறது. அடியில் இருக்கும் குளிர்ந்த, கெட்டியான உலோகம் அதை நீளவிடாது. டூல் போன பிறகு அந்த அடுக்கு அமுக்கத்தில் நிற்கிறது. இது விசையின் வேலை.

சூட்டின் வேலை இதற்கு நேர் எதிர். தோல் சூடாகி விரியப் பார்க்கிறது, உள்பகுதி தடுக்கிறது. 316எல் எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 16 பங்கு விரியும். அந்த விரிவை முழுவதும் தடுத்தால் டிகிரிக்கு 3 மெகாபாஸ்கல் அளவுக்குத் தகைவு ஏறும். இந்த எஃகு சில நூறு மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நசுங்கத் தொடங்கிவிடும். ஆகவே நூறு டிகிரி கூடினாலே போதும். வெட்டில் பல நூறு டிகிரி கூடுகிறது. தோல் நசுங்குகிறது. ஆறும்போது நசுங்கிய தோல் முன்பிருந்ததைவிடக் குறுகிப்போக வேண்டும். உள்பகுதி இப்போது அதையும் தடுக்கிறது. வண்டிப் பட்டைபோல் தோல் இழுப்பில் நிற்கிறது.

எது எவ்வளவு ஆழம் போகும்? டூலின் முனை தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியின் நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர் என்றால், நம் புள்ளி அதற்கடியில் இருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. துருப்பிடிக்காத எஃகு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அந்த நேரத்துக்குள் சூடு உள்ளே நடக்கக்கூடிய தூரம் 20 மைக்ரோமீட்டர் சுற்றுவட்டம். விசையோ ஒலியின் வேகத்தில் பரவுவது. நூறு இருநூறு மைக்ரோமீட்டர் ஆழம் வரை உலோகத்தை நசுக்கிவிடும். துருப்பிடிக்காத எஃகிலும் எஞ்சின்களுக்கான நிக்கல் உலோகக் கலவைகளிலும் ஆய்வகங்கள் அளந்து தரும் வரைபடம் ஏன் ஒரு கொக்கி வடிவில் இருக்கிறது என்பது இந்தச் சிறு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது: மேலே மெல்லிய அடுக்கில் பலத்த இழுப்பு, சற்றுக் கீழே போனதும் அமுக்கம், இன்னும் கீழே போனால் மெல்லத் தேய்ந்து பூச்சியம்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இங்கே இருக்கிறது. வெட்டுக்குத் தேவைப்படும் விசை என்பது பல பங்களிப்புகளின் கூட்டுத்தொகை. ஒன்று சற்றுப் பிசகினால் மொத்தமும் சற்றே பிசகும். எச்சத் தகைவு அப்படியன்று. எதிரெதிராக இழுக்கும் இரண்டு பெரிய எண்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தபின் நிற்பது அது. பெரிய எண்களில் பத்து சதவீதம் பிசகினால் மிச்சத்தில் பாதி காணாமல் போகலாம், சில வேளை குறியே மாறி இழுப்பு அமுக்கமாகிவிடலாம். வெட்டு விசையை அழகாகக் கணித்துக் காட்டும் அதே கணினி மாதிரி எச்சத் தகைவில் தடுமாறுவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

கணினிக்குள் இந்த வெட்டைக் கொண்டுவரும் கருவிக்கு ஃபைனைட் எலிமென்ட் முறை என்று பெயர். பொருளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எளிய சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்ப்பது. அதன் கணித விதையை ரிச்சர்டு கூராண்ட் 1943-இல் ஊன்றினார். போயிங் விமான இறக்கைகளின் விறைப்பைக் கணக்கிடப் போன டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் 1956-இல் வெளியிட்ட கட்டுரை அதைப் பொறியாளர்களின் கைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இறக்கை வளையும், பிய்யாது. உலோகம் வெட்டுவது என்றாலே பிய்வதுதான்.

எங்கே பிய்வது என்று கணினிக்கு யார் சொல்வது? அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்ட்ரென்கோவ்ஸ்கியும் கரோலும் 1985-இல் ஒரு வழி கண்டார்கள். டூலின் பாதையில் கட்டங்களை ஜோடி ஜோடியாக ஒட்டிவைத்தார்கள். டூலுக்கு அருகில் வரும்போது திரிபு, அதாவது உலோகம் உருக்குலைந்த அளவு, ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அந்த ஒட்டு விடுபட்டு, மேல் பாதி சுருளாகவும் கீழ்ப் பாதி தண்டாகவும் பிரியும். சுருளின் வடிவம் வந்தது, விசை வந்தது, தண்டில் எஞ்சும் தகைவும் வந்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது: ஒட்டு விடும் அந்த எல்லையை மாற்றினால் சுருளின் வடிவம் பெரிதாக மாறவில்லை, எச்சத் தகைவு மாறியது. இத்துறையின் தலைவலி பிறந்தபோதே முகத்தைக் காட்டிவிட்டது.

பிறகு வந்தவர்கள் ஒட்டை விட்டுவிட்டு, உலோகத்தைக் கெட்டியான கூழாகவே பாவித்து டூலின் முனையைச் சுற்றி ஓடவிட்டார்கள். அப்படிச் செய்தால் கட்டங்கள் கோணல்மாணலாக நசுங்கிக் கணக்கே நின்றுவிடும். ஆகவே நசுங்கிய வலையைக் களைந்து புதிய வலையைப் பின்னி, பழைய வலையில் இருந்த தகைவையும் திரிபையும் வெப்பத்தையும் புதியதற்கு மாற்ற வேண்டும். மருசிச்சும் மைக்கேல் ஆர்ட்டிஸும் 1995-இல் இதை அதிவேக வெட்டுக்குச் செய்துகாட்டிய கட்டுரை இன்றைய வணிக மென்பொருள்களுக்கு வழிவிட்டது. ஆனால் மாற்றும் ஒவ்வொரு முறையும் மதிப்புகள் கொஞ்சம் சராசரியாகிக் கூர்மை மழுங்கும். சுருளுக்கு அதனால் குறையொன்றும் இல்லை. 20 மைக்ரோமீட்டருக்குள் இழுப்பிலிருந்து அமுக்கத்துக்குப் பாயும் தகைவுக்கு அது பெரிய குறை.

கணினிக்கு இதில் எவ்வளவு வேலை என்பதை நாமே போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கட்டத்தின் அகலம் 10 மைக்ரோமீட்டர் என்போம். எஃகில் ஒலியலை வினாடிக்கு ஏறக்குறைய 5,000 மீட்டர் போகும். ஒரு கட்டத்தைத் தாண்ட அதற்கு 2 நானோவினாடி. கணக்கின் ஒவ்வொரு காலடியும் அந்த நேரத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்கள் கட்டவிழ்ந்து ஓடிவிடும். இந்த நிபந்தனையைக் கூராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-லேயே, கணினி என்ற ஒன்று இல்லாத காலத்திலேயே எழுதிவைத்தார்கள். நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் டூல் ஒரு மில்லிமீட்டர் நகர ஆகும் நேரம் 0.6 மில்லிவினாடி. அதை 2 நானோவினாடிகளாக நறுக்கினால் 3 லட்சம் காலடிகள். டூல் முனையின் வளைவை ஒழுங்காகப் பிடிக்கக் கட்டத்தை 5 மைக்ரோமீட்டராகக் குறைத்தால், முப்பரிமாணத்தில் கட்டங்கள் எட்டு மடங்கு, காலடிகள் இரு மடங்கு; மொத்த வேலை பதினாறு மடங்கு. நாள்கணக்கில் கணினியை ஓடவிட்டுக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டர் வெட்டு.

அதோடு முடியவில்லை. டூலை விலக்க வேண்டும். பிடிப்பைத் தளர்த்த வேண்டும். தண்டை அறை வெப்பநிலைக்கு ஆறவிட வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை நானோவினாடிகளாக எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பதால் வேறொரு கணக்கு முறைக்கு மாற வேண்டும். ஆறுவதற்கு முன் திரையில் தெரியும் வண்ணப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது எச்சத் தகைவு ஆகாது. சூடு இருக்கும்போது தோல் விரியப் பார்த்து அமுக்கத்தில் நிற்கும். ஆறியபின் அதே இடம் இழுப்பில் இருக்கும். அவசரப்பட்டு முதல் படத்தை எடுத்துக்கொண்டால் குறியே தப்பாகிவிடும்.

வலையும் காலடியும் சரியாக அமைந்தாலும், உலோகத்தின் குணத்தைக் கணினிக்கு யாராவது சொல்லியாக வேண்டும். இவ்வளவு திரிபில், இவ்வளவு வேகத்தில், இவ்வளவு சூட்டில் இந்த எஃகு எவ்வளவு எதிர்க்கும்? இத்துறையில் பெரும்பாலோர் கையாளும் சூத்திரம் 1983-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் கார்டன் ஜான்சனும் வில்லியம் குக்கும் முன்வைத்தது. அந்தக் கருத்தரங்கு எறிபொருளியல் பற்றியது. கேள்வி, தோட்டா தகட்டைத் தாக்கும்போது என்ன ஆகும் என்பது. அவர்கள் சோதித்த 12 உலோகங்களின் பட்டியலில் செம்பும் பித்தளையும் இருந்தன, டங்ஸ்டன் கலவையும் யுரேனியக் கலவையும்கூட இருந்தன. சூத்திரம் மிக எளியது: மூன்று அடைப்புகளின் பெருக்கல். திரிபு கூடக் கூட உலோகம் கெட்டிப்படுவதை ஒன்று சொல்லும், வேகம் கூடினால் எதிர்ப்பு கூடுவதை இன்னொன்று, சூடு ஏறினால் இளகுவதை மூன்றாவது. மொத்தம் ஐந்தே மாறிலிகள். எந்த மென்பொருளிலும் ஒரு வரியில் அடங்கிவிடும் என்பதால் உலகம் முழுவதும் பரவிற்று.

அந்த ஐந்து மாறிலிகளைப் பெற உலோகத் துண்டுகளை ஹாப்கின்சன் தண்டு என்ற கருவியில் வைத்து அடித்துப் பார்க்கிறார்கள். அது எட்டும் சிதைவு விகிதம் பொதுவாக வினாடிக்குச் சில ஆயிரம். லேத்தில் நடப்பதோ அதைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு. அளக்காத இடத்துக்குக் கோட்டை நீட்டித்தான் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறோம். இதன் விளைவை 2007-இல் உம்ப்ரெல்லோ, எம்சாவ்பி, அவுத்தெய்ரோ ஆகிய மூவர் நேர்மையாக வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள். 316எல் எஃகுக்கு வெவ்வேறு ஆய்வாளர்கள் வெளியிட்டிருந்த ஐந்து மாறிலித் தொகுப்புகளை எடுத்தார்கள். அதே டூல், அதே வேகம், அதே வலை. தொகுப்பை மட்டும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டார்கள். விசை, வெப்பநிலை, சுருளின் வடிவம் எல்லாமே மாறின; எல்லாவற்றையும்விட எச்சத் தகைவுதான் அந்த மாறிலிகளால் அதிகம் ஆடிப்போயிற்று. இந்தக் கட்டுரையை நான் மிகவும் மதிக்கிறேன். தங்கள் மாதிரி சோதனையோடு பொருந்துகிறது என்று ஒரே ஒரு வரைபடத்தைக் காட்டும் கட்டுரைகள் நிறைய உண்டு. எது எவ்வளவு ஆடும் என்று அசைத்துப் பார்த்துச் சொல்பவை குறைவு.

உராய்வும் இதே போன்ற சிக்கல். சுருள் டூலின் முகத்தில் உரசும் இடத்தில் முனைக்கு அருகே உலோகம் டூலோடு ஒட்டிக்கொள்கிறது, சற்று மேலே வழுக்குகிறது. பாடப் புத்தகத்தின் ஒற்றை உராய்வுக் கெழுவுக்கு இங்கே பொருளில்லை. ஆனாலும் பல மாதிரிகள் ஒற்றை எண்ணைத்தான் எடுத்துக்கொள்கின்றன. இன்னொன்று, நிஜ லேத்தில் டூல் ஒரே ஒரு முறை போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது, முந்தைய சுற்றில் தானே கெட்டிப்படுத்தித் தகைவேற்றிய தோலைத்தான் மறுபடி வெட்டுகிறது. ரிச்சர்டு லியூவும் குவோவும் 2000-ஆம் ஆண்டளவில் இரண்டு வெட்டுகளை அடுத்தடுத்துக் கணக்கிட்டபோது, இரண்டாவது வெட்டுக்குப்பின் எஞ்சிய தகைவு முதலாவதிலிருந்து வேறுபட்டது.

இவ்வளவையும் பார்த்த பிரான்சின் சேந்த் எத்தியென் நகர ஆய்வாளர்கள் வேறு பாதை எடுத்தார்கள். ஜோயல் ரெக், வலியோர்க் ஆகியோரின் குழு கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: தண்டில் எஞ்சுவதுதானே வேண்டும், சுருளை எதற்காகக் கணக்கிட வேண்டும்? அவர்கள் சுருளையும் டூலையும் மாதிரியிலிருந்தே எடுத்துவிட்டு, அவை தண்டின்மேல் செலுத்தும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் மட்டும் ஒரு நகரும் சுமையாகப் பரப்பின்மேல் ஓட்டினார்கள். சுமை எவ்வளவு என்பது சோதனையில் அளந்த விசையிலிருந்தும் உராய்வு அளவீட்டிலிருந்தும் வருகிறது. கட்டங்கள் நசுங்குவதில்லை, வலையை மாற்ற வேண்டியதில்லை. முப்பரிமாணத்தில், சுற்றுக்குச் சுற்று, தகைவு நிலைபெறும் வரை கணக்கிட முடிகிறது. இதை அவர்கள் முதலில் ஓட்டிப் பார்த்த உலோகங்களில் ஒன்று 304எல் எஃகு. அணு உலைகளில் பெரிதும் பயன்படும் உலோகம் அது. சூடான நீரில், தோலில் இழுவிசைத் தகைவோடு இருந்தால் அதில் அரிப்பு விரிசல் விடும் அபாயம் உண்டு. சோதனையை நம்பியிருக்கும் முறை என்று இதைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். சுருளோடு சேர்த்துக் கணக்கிடும் முறையும் மாறிலிகளுக்குச் சோதனையைத்தானே நம்பியிருக்கிறது? எதை அளப்பது எளிதோ அதை நம்பும் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

கணக்கு சரியா என்று ஒப்பிட எக்ஸ்ரே இருக்கிறது. படிகத்தில் அணு அடுக்குகளுக்கு இடையே உள்ள தூரத்தை எக்ஸ்ரே சிதறும் கோணத்தைக் கொண்டு அளக்கிறார்கள். எஃகில் 200 மெகாபாஸ்கல் தகைவு அந்தத் தூரத்தை ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாற்றும். அந்த ஒரு பங்கைப் பிடிக்க வேண்டும். கதிர் ஏறக்குறைய 5 மைக்ரோமீட்டர் ஆழம்தான் நுழையும். ஆகவே மேற்பரப்பை அளந்துவிட்டு, மின்வேதிக் கரைசலில் பத்து இருபது மைக்ரோமீட்டர் கரைத்து, மறுபடி அளந்து, மறுபடி கரைத்து, இப்படிப் படிப்படியாக இறங்க வேண்டும். கரைத்த அடுக்கோடு அதன் தகைவும் போய்விடுவதால் மிச்சத்தின் சமநிலை மாறும். அதற்குத் திருத்தம் போட வேண்டும். கதிர் விழும் வட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம், அதற்குள் டூல் விட்ட பல கோடுகள் அடங்கிவிடும். ஆக அளவீடு தருவது ஒரு சராசரி. சில பத்து மெகாபாஸ்கல் கூடுதல் குறைவும் அதில் இயல்பு. கணினியின் மேல் வரிசைக் கட்டம் ஒன்றின் எண்ணை எடுத்து எக்ஸ்ரேயின் எண்ணோடு நேராக ஒப்பிடுவது தவறு. கணினியின் எண்களையும் அதே ஆழத்துக்கும் அகலத்துக்கும் சராசரி எடுத்த பிறகே இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அலுமினியத்தில் கதை சற்று வேறு. விமான இறக்கையின் விலா உறுப்புகளை 7050 போன்ற கலவையின் கனத்த பலகையிலிருந்து குடைந்தெடுக்கிறார்கள். பலகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீவலாகப் போவது சாதாரணம். வெப்பப் பதப்படுத்தலில் பலகையைத் தண்ணீரில் குளிர்விக்கும்போதே அதற்குள் தகைவு ஏறிவிடும். அதைத் தணிக்கப் பலகையை ஒன்றரை முதல் மூன்று சதவீதம் வரை இழுத்து நீட்டுவார்கள். தணிந்ததுபோக மிஞ்சியது, பலகையைக் குடையக் குடையச் சமநிலை குலைந்து உறுப்பை வளைக்கும். சுவர் ஓரிரு மில்லிமீட்டர்தான் என்னும்போது வெட்டு விட்டுச்சென்ற பத்தில் ஒரு மில்லிமீட்டர் தோலும் வளைவில் பங்கு கேட்கும். இங்கே சிமுலேஷன் நல்ல பலன் தருகிறது. இது ஓரளவு எளிய கணக்கு. தகைவை அளந்து உள்ளே கொடுத்துவிட்டு, எந்தப் பக்கத்தை முதலில் குடைந்தால் வளைவு குறையும் என்று கேட்டால் போதும்.

கடினப்படுத்திய தாங்கு உருளை எஃகைக் கடையும்போதும் கணினி நன்றாக வழிகாட்டியிருக்கிறது. டிம்கென் நிறுவனத்தின் மட்சுமோட்டோவும் ஹஷிமோட்டோவும் லஹோட்டியும் 1999-இல் வெளியிட்ட சோதனைகளில், பரப்புக்கு அடியில் எஞ்சும் தகைவைத் தீர்மானிப்பதில் டூல் விளிம்பின் வடிவமே முன்னால் நின்றது. விளிம்பைச் சற்று மழுக்கி வடிவமைத்தால் அமுக்கம் ஆழமாக இறங்குகிறது. உருளும் உறுப்புக்கு அந்த ஆழ அமுக்கம்தான் வேண்டும். ஏன் அப்படி என்பதைக் காட்டியவை பின்னால் வந்த கணினி மாதிரிகள்: விளிம்பு மழுங்கும்போது டூலுக்குக் கீழே தள்ளப்படும் உலோகம் கூடுகிறது, விசையின் பங்கு ஆழத்தில் கூடுகிறது. எண் எத்தனை என்று கேட்டால் தடுமாறும் மாதிரி, இதைச் செய்தால் கூடுமா குறையுமா என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. என் பார்வையில் இன்றைய நிலையில் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

விமான எஞ்சினின் சுழல் உறுப்புகளைச் செய்யும் ஆலைகளில் வெட்டும் முறை ஒருமுறை ஒப்புதல் பெற்றுவிட்டால் உறைந்துவிடும். டூலின் வகை, அதன் வேகம், எத்தனை துளைக்குப்பின் அதை மாற்றுவது, கூலன்ட் எந்த அழுத்தத்தில் பாய்வது என எதையும் மேலொப்பம் இல்லாமல் தொட முடியாது. மாற்ற வேண்டுமானால் மாதிரித் துண்டுகளை வெட்டி, எக்ஸ்ரேயில் அளந்து, குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, களைப்புச் சோதனையில் உடையும் வரை ஆட்டிப் பார்த்தாக வேண்டும். மாதக்கணக்கில் நீளும் வேலை, செலவும் அதிகம். அந்தச் சோதனையின் இடத்தில் சிமுலேஷனை வைக்க இப்போது யாரும் துணிய மாட்டார்கள்; துணியவும் கூடாது. ஒரு பொறியாளரின் மேசையில் இருபது டூல் வடிவங்கள் இருக்கும்போது, அவற்றில் எந்த மூன்றை உலோகத்தில் வெட்டிப் பார்க்கலாம் என்று தேர்ந்து தருவது இன்று அதன் வேலை.